மேட்டூரில் கலைஞர்களுக்கு ஒரு வீட்டுக்கடன்

ஆடிப்பெருக்கன்று மேட்டூருக்கு வந்து, காவிரியில் தலை முழுகி, அணைப் பூங்காவில் வறுத்த மீன் தின்றுவிட்டு மாலைப் பேருந்தில் திரும்பிப் போகிறவர்களுக்கு அது ஒரு தொழில் நகரம் என்பது நினைவில் தங்குவதில்லை. 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணை தஞ்சை வயல்களை நினைத்துக் கட்டப்பட்டதுதான். ஆனால் அதன் அடிவாரத்தில் கிடைத்த நீரும் மின்சாரமும் துணி ஆலையையும், வேதிப்பொருள் ஆலையையும், பின்னர் அலுமினிய ஆலையையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து வந்தன. 1980களில் அனல் மின் நிலையமும் சேர்ந்துகொண்டது. ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய அலுமினியத் தாதுவான பாக்சைட் லாரி லாரியாக இறங்கி வந்த காலம் ஒன்று இருந்தது. நாங்கள் மால்கோ என்று அழைத்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு மின்சாரச் சிக்கலில் நின்றது, கைமாறியது, மீண்டும் ஓடியது, 2008ஆம் ஆண்டின் இறுதியில் அலுமினியம் உருக்குவதை நிறுத்திக்கொண்டது.

நான் வளர்ந்தது அந்த ஊரில்தான். அப்பா ஆலைத் தொழிலாளி. எங்கள் வீட்டில் சோறு வெந்ததும் விளக்கு அணைந்ததும் ஷிப்ட் சங்கை ஒட்டியே. பிறகு வங்கி வேலைக்குப் போய், பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் சேலம் மாவட்டத்துக் கிளைகளிலேயே கழித்து, இப்போது சேலத்தில் ஓய்வில் இருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையை ஒரு கலை விமர்சகரின் பார்வையில் எழுதவில்லை. கடன் விண்ணப்பங்களைப் படித்தே கண் தேய்ந்த ஒருவரின் பார்வையில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளாக நண்பர்கள் கூடும் இடங்களில் ஒரு யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. தொழில் தளர்ந்த ஊர்களுக்கு ஓவியர்களையும் சிற்பிகளையும் அழைத்து வந்து குடியேற்றினால் ஊர் மீண்டும் உயிர்பெறும், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அப்படி நடந்திருக்கிறது, மேட்டூரிலும் செய்யலாமே என்பது அது. யோசனையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் அடுத்த மூச்சிலேயே மதில்களில் ஓவியம் தீட்டுவதையும், அணைப் பூங்காவில் மூன்று நாள் கலைவிழா நடத்துவதையும் பேசத் தொடங்கும்போது எனக்குச் சலிப்பு வந்துவிடுகிறது. மதில் ஓவியத்துக்கு வருகிற ஓவியர் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். ஊரில் குடியிருக்கிற ஓவியர் மளிகைக் கடையில் கணக்கு வைப்பார், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பார், வீட்டுக்கூரை ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிடுவார். ஓர் ஊரின் பொருளாதாரத்துக்கு வேண்டியது இரண்டாமவர்தான்.

இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்து செயல்பட்ட ஊர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் படூக்கா. ஒஹையோ ஆறும் டென்னசி ஆறும் கூடுமிடத்தில் இருக்கும் அந்த ஊர் மக்கள்தொகையில் மேட்டூரில் பாதிதான் தேறும். நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பெரிய ரயில் பணிமனை அங்கே இருந்தது. ஊருக்கு வெளியே 1952இல் தொடங்கிய யுரேனியம் செறிவூட்டும் ஆலை 2013 வரை ஓடியது. ஆறு, ஆலை, ரயில் என்று கிட்டத்தட்ட நம் ஊரின் ஜாதகம். ஊரின் மிகப் பழைய குடியிருப்பான லோயர் டவுன் பகுதி, 1990களின் இறுதியில், பல வீடுகள் சிதைந்தும் பல வீடுகள் வாடகைக்குப் பிரித்து விடப்பட்டும், இரவில் நடக்க அஞ்சும் இடமாகக் கிடந்தது. அங்கே வசித்த ஓர் ஓவியர் நகர நிர்வாகத்திடம் போய்ப் பேசியதன் விளைவாக 2000ஆம் ஆண்டில் ஒரு திட்டம் பிறந்தது. நாடெங்கும் உள்ள கலைஞர்கள் அங்கே வந்து வீடு வாங்கிக் குடியேற வேண்டும் என்று கலை இதழ்களில் விளம்பரம் செய்தார்கள். சில ஆண்டுகளில் எழுபதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பொதுவாக விளம்பரத்தைப் பற்றியும், ஒரு டாலருக்கு விற்கப்பட்ட சிதைந்த வீடுகளைப் பற்றியும் சொல்வார்கள். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. உள்ளூர் வங்கி ஒன்று அந்தத் திட்டத்தில் கூட்டாளியாக நின்றது. பாழடைந்த வீட்டின் சந்தை மதிப்பு மிகக் குறைவு, அதைக் குடியிருக்கத் தக்கதாக மாற்ற ஆகும் செலவு அதைப்போல் பல மடங்கு. எந்த வங்கியின் மதிப்பீட்டாளரும் இன்றைய மதிப்பை வைத்துத்தான் கடன் தொகையைப் பரிந்துரைப்பார். அப்படிப் பரிந்துரைத்தால் அந்த வீட்டைப் பழுதுபார்க்கவே முடியாது. படூக்காவின் வங்கி வாங்கும் விலையையும் பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்து, வீட்டின் அன்றைய மதிப்பைத் தாண்டியும், நீண்ட காலத் தவணையில் கடன் கொடுத்தது. இப்படிக் கொடுப்பது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது கடன் பிரிவில் ஒருநாள் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டை மட்டும் பார்த்தால் அது மோசமான கடன். ஒரு தெருவில் இருபது வீடுகளுக்கு ஒரே சமயத்தில் கொடுத்தால், தெருவின் மதிப்பே உயர்ந்து ஒவ்வொரு கடனும் நல்ல கடனாகிவிடும். வங்கி கணக்குப் போட்டது தெருவுக்கு.

நகர நிர்வாகம் செய்த இன்னொரு காரியமும் அதே அளவு முக்கியமானது. குடியிருக்கும் வீட்டிலேயே பட்டறையும் விற்பனைக் கூடமும் வைத்துக்கொள்ள நிலப்பயன்பாட்டு விதிகளை மாற்றியது. நம் ஊரில் வீட்டு முன்னறையில் சிறு விற்பனை தொடங்கினாலே மின் இணைப்பு எந்தக் கட்டண வகையில் வரும் என்ற கேள்வி எழுந்துவிடும். கலைஞரைச் சோர்வடையச் செய்வதற்கு அந்த ஒரு கேள்வியே போதும்.

படூக்கா முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். 2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு சிலர் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். முதலில் வந்த தலைமுறைக்கு வயதும் ஆனது. ஆனாலும் வீடுகள் நின்றன, விற்றவர்களிடமிருந்து வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள். 2013இல் யுனெஸ்கோ கைவினை, நாட்டார் கலைக்கான படைப்பு நகரங்களின் வரிசையில் அந்தச் சிற்றூரைச் சேர்த்தது.

இவ்வளவு தொலைவு போய் உதாரணம் தேட வேண்டிய தேவையே சேலத்துக்காரர்களுக்கு இல்லை என்பதுதான் எனக்கு வேடிக்கையாகப் படுவது. வேலை செய்யும் கலைஞர்களை ஓர் ஊருக்கு வரவழைப்பதில் தென்னிந்தியாவிலேயே பெரிய சோதனை ஒன்று சேலம்–ஏற்காடு சாலையில் நடந்து முடிந்திருக்கிறது.

1907இல் திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் துணி வணிகக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்து போய் லீட்சில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் திரும்பியவர். 1935இல் அவர் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியபோது படத்தயாரிப்புக்குச் சென்னையும் கல்கத்தாவும் பம்பாயும்தான் இடங்கள் என்று கருதப்பட்டது. அவரோ சேர்வராயன் மலையின் அடிவாரத்தைத் தேர்ந்தெடுத்தார். காடும் பாறையும் ஓடையும் காட்சிக்கு வேண்டுமென்றால் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போதும். ஸ்டுடியோ வளாகத்துக்குள் படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவுக் கூடம், பிலிம் கழுவும் ஆய்வுக்கூடம், தச்சுப் பட்டறை, தையல் பிரிவு எல்லாம் இருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938இல் இந்தச் சேலத்தில் உருவானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் 1956இல் இங்கிருந்துதான் வந்தது. ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டாக 1952இல் ஆங்கிலப் படம்கூட எடுத்தார்கள்.

படங்களின் பட்டியலைக் காட்டிலும் அந்த நிர்வாக முறைதான் எனக்கு முக்கியம். ஜவுளி ஆலை எப்படி இயங்க வேண்டும் என்று படித்தவர் படத் தயாரிப்பையும் ஓர் ஆலையாகவே நடத்தினார். நடிகர், எழுத்தாளர், பாடலாசிரியர், தச்சர், சாயம் பூசுகிறவர் என எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள், எல்லோருக்கும் நேரக் கட்டுப்பாடு. அவருடைய கண்டிப்பைப் பற்றிச் சேலத்து முதியவர்கள் இன்னும் பேசுவார்கள். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மருதகாசியும் கா.மு. ஷெரீபும் இங்கு பாட்டெழுதினார்கள், கண்ணதாசன் கதை இலாகாவில் வேலை பார்த்தார், மு. கருணாநிதி குடும்பத்தோடு சேலத்தில் குடியிருந்து வசனம் எழுதினார். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இங்கு வந்து படம் இயக்கினார். இவர்களில் யாரையும் சேலத்தின் அழகோ அதன் பழம்பெருமையோ வரவழைக்கவில்லை. மாதப் பிறப்பில் சம்பளம் கிடைத்தது, செய்வதற்குத் தொடர்ச்சியாக வேலை இருந்தது, வேலைக்கு வேண்டிய கருவிகள் ஒரே வளாகத்தில் இருந்தன. சுற்றியிருந்த தெருக்களில் வாடகை வீடுகளும் மெஸ்களும் சலவைக்காரர்களும் தையற்காரர்களும் பிழைத்தார்கள்.

சுந்தரம் 1963இல் மறைந்தார். படத்தொழில் முழுவதும் கோடம்பாக்கத்தில் குவிந்தது. 1980களின் தொடக்கத்துக்குள் ஸ்டுடியோவின் காலம் முடிந்து, வளாகம் மனைகளாகி, இன்று சாலையோரத்தில் நுழைவு வளைவு ஒன்றுதான் மிச்சம். அந்த வளைவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் அதை ஒரு புகழின் நினைவுச்சின்னமாகப் பார்க்கிறார்கள். கடன் அதிகாரியின் கண்ணுக்கு அது வேறொரு செய்தியைச் சொல்கிறது. சம்பளத்துக்கு வந்த கலைஞர்கள் சம்பளம் நின்றதும் போய்விட்டார்கள். பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்கள். அவர்களை இந்த ஊரோடு பிணைக்கும் பத்திரம் எதுவும் இல்லை. ஒரே முதலாளி, ஒரே வளாகம், ஒரே தொழில் என்று இருந்த அமைப்பில் முதலாளி போனதும் எல்லாம் போயிற்று. மேட்டூரில் ஆலை மூடியதும் நடந்தது இதுவேதான். கலை சம்பந்தப்பட்டது என்பதற்காக அந்தக் கணக்கு மாறிவிடுவதில்லை.

சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்தை இதற்கு எதிர்நிலையாக வைத்துப் பார்க்கலாம். சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல், அப்போது வெறும் மணற்காடாக இருந்த கடலோரத்தில், ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். பணம் எங்கிருந்து வந்தது? ஓவியத்தை விற்றுப் பிழைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் உலோக, மர, தோல் கைவினைப் பொருட்களும் செய்து விற்கும் சங்கம் ஒன்றை அமைத்து, அந்த வருமானத்தில் நிலத்தையும் வாங்கி, வயிற்றையும் கழுவிக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஓவியம் வரைந்தார்கள். அரை நூற்றாண்டைத் தாண்டியும் அந்தக் கிராமம் இருக்கிறது. சம்பளம் தர முதலாளி யாரும் இல்லை, மண் மட்டும் அவர்களுடையது. அமெரிக்காவின் நார்த் ஆடம்ஸ் நகரத்தில் 1985இல் மூடப்பட்ட மின்பொருள் ஆலையை 1999இல் பெரிய நவீனக் கலை அருங்காட்சியகமாக மாற்றினார்கள் என்பதையும் சொல்வார்கள். அது பெரும்பணக் கதை, மேட்டூருக்கு உதவாது, விட்டுவிடுகிறேன்.

மேட்டூரிடம் என்ன இருக்கிறது? அணைக் காட்சியை முதலில் சொல்லாதீர்கள், அது சுற்றுலாத் துறையின் பாடு. வேலை செய்யும் சிற்பிக்கு நான் முதலில் காட்ட விரும்புவது கருமலைக்கூடலில் சிட்கோ என்னும் அரசின் சிறுதொழில் பேட்டையில் இருக்கும் லேத் பட்டறைகளை. ஆலைகளில் பயிற்சி பெற்ற வெல்டர், பிட்டர், டர்னர், குழாய் பொருத்துகிறவர்கள், சங்கிலிக் கப்பி கட்டி இரண்டு டன் எடையைச் சத்தமில்லாமல் தூக்கி வைக்கிறவர்கள் என்று ஒரு தலைமுறையே இந்த ஊரில் இருக்கிறது. பெருநகரத்தில் உலோகச் சிற்பம் செய்யும் ஒருவர் தன் வரைபடத்தைப் புரிந்துகொண்டு உலோகத்தை வெட்டி ஒட்டித் தரும் ஒரு பேப்ரிகேட்டரைத் தேடி மாதக்கணக்கில் அலைவார். இங்கே தேநீர்க் கடையில் விசாரித்தால் போதும். இந்தக் கைகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் கடைசித் தொகுதியினர் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள்.

பொருள்களும் அப்படித்தான். சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுக்குப் பேர்போனது. சூளை கட்ட வேண்டிய மண்பாண்டக் கலைஞருக்குத் தீச்செங்கல் வேண்டும். வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மேக்னசைட் கிடைப்பதால் வெப்பம் தாங்கும் செங்கல் தொழில் சேலத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. நெசவில் வேலை செய்யும் கலைஞருக்கு ஜலகண்டபுரமும் இளம்பிள்ளையும் தாரமங்கலமும் அருகிலேயே இருக்கின்றன. வெள்ளி வேலைக்குச் செவ்வாய்ப்பேட்டையும் சிவதாபுரமும் இருக்கின்றன, கொலுசுக்குக் கண்ணி கோக்கும் வீடுகள் அங்கே தெருத்தெருவாக உண்டு. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் கல்வேலையைப் பார்க்க ஒரு சிற்பி அரைநாள் ஒதுக்கினால் போதும். இத்தனையும் குறுகிய பேருந்துப் பயண வட்டத்துக்குள் அடங்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

வீடும் இருக்கிறது. அணை கட்டிய காலத்தில் வேலையாட்களுக்காக எழுந்த முகாம்கள்தான் இந்த ஊர். சேலம் கேம்ப் என்ற பெயரில் ஒரு பகுதி இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு துறையும் ஒவ்வோர் ஆலையும் தன் பங்குக்குக் குடியிருப்புகளைக் கட்டியது. உயரமான கூரை, தடித்த சுவர், முன்னாலும் பின்னாலும் காலியிடம், வேப்பமர நிழல். அவற்றில் ஆளில்லாமல் கிடக்கும் வரிசைகளைப் பார்க்கும்போதெல்லாம், பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடத்தை எந்தக் கட்டடக் கலைஞர் வரைந்து தருவார் என்று எண்ணிக்கொள்வேன். பொதுச்சொத்து பூட்டிக் கிடந்து இடிவதில் யாருக்கும் தணிக்கைக் குறிப்பு எழுதப்படுவதில்லை. அதை ஒரு கலைஞருக்குக் குறைந்த வாடகைக்கு விட்டால் எழுதப்படும்.

இங்கே ஒரு கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. கலைஞர்களை வரவழைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேட்டூரில் ஏற்கெனவே யாரும் இல்லாததுபோலப் பேசுகிறார்கள். மேட்டூர் வட்டத்திலும் அதை ஒட்டிய சேலம், தருமபுரி கிராமங்களிலும் தெருக்கூத்து இன்னும் ஆடப்படுகிறது. மரப்பொம்மைகளை ஆட்டுகிற பொம்மலாட்டக் குழுக்களும் இருக்கின்றன. மாரியம்மன் நோன்பு வந்தால் இராத்திரி பத்து மணிக்குத் திரை பிடித்து, விடியும்வரை ஆடி, அரிதாரத்தைக் கழுவிக்கொண்டு நேராகத் தறிக்கோ செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ போகிற மனிதர்கள் இவர்கள். மேட்டூர் வட்டத்து ஏர்வாடியிலிருந்து வெளிவரும் ‘மணல்வீடு’ சிற்றிதழும் அதை ஒட்டி இயங்கும் களரி அமைப்பும் இந்தக் கூத்துக் கலைஞர்களுக்காகப் பயிற்சியும் விழாவும் நடத்தி, அவர்களை வெளியுலகம் பார்க்கும்படி செய்திருக்கின்றன. வேலை செய்யும் கலைஞர் என்ற சொல்லுக்கு இவர்களைவிடப் பொருந்துகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வட்டாரத்தில் ஒரு கிளையில் நான் இருந்தபோது ஒரு கூத்து வாத்தியார் கடன் கேட்டு வந்தார். புஜகீர்த்தி, மார்ப்பதக்கம், கிரீடம் என்று மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில் பதித்த அணிகலன்கள் முழுதும் பழுதாகிவிட்டன, புதுச் செட்டு செய்ய வேண்டும், கூடவே ஒரு ஆர்மோனியமும் வாங்க வேண்டும் என்றார். விண்ணப்பப் படிவத்தில் மாத வருமானம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவரும் நானும் நெடுநேரம் யோசித்தோம். “தையிலிருந்து ஆடி வரைக்கும் ஆட்டமுங்க சார், அப்புறம் மழைக்காலம் முச்சூடும் ஒண்ணும் இருக்காதுங்க. இதைக் கூட்டி, பன்னெண்டால வகுத்து எழுதிக்கோங்க” என்று அவரே வழி சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மேலிடத்திலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது. தொழில் வகைப்பாட்டில் கூத்து இல்லை, அணிகலன்களுக்கு மறுவிற்பனை மதிப்பும் இல்லை என்பது காரணம். கடைசியில் அவருக்குக் கறவை மாட்டுக் கடன் கொடுத்தோம், ஏனென்றால் மாட்டுக்குப் படிவம் இருந்தது. அவர் உண்மையாகவே மாடு வாங்கினார். பால் பணத்தில் தவணையைத் தவறாமல் கட்டினார், மிஞ்சியதில் அணிகலன்களையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டார். ஆர்மோனியம் மட்டும் வாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாத உதவித்தொகை கிடைக்கிறது. இவை வேண்டியவைதான். ஆனால் நலிந்த பிறகு தரும் உதவிக்கும், நலியாமல் தொழில் செய்ய உதவும் முதலுக்கும் உள்ள தூரம் பெரியது. கூத்து வாத்தியாரின் மகன் திருப்பூருக்குப் போய்விட்ட பிறகு, அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பெங்களூரிலிருந்து வந்த நிறுவல் கலைஞரை, அதாவது பொருள்களை அடுக்கி ஓர் இடத்தையே படைப்பாக்குகிறவரைக் குடியேற்றுவதில் ஊருக்கு என்ன லாபம்? இருவரும் ஒரே தெருவில் இருந்தால் நடக்கக்கூடியவை எத்தனையோ. மரப்பொம்மை செதுக்குகிறவருக்கு மரத்தைப் பதப்படுத்தும் புதிய முறை கிடைக்கும், வந்தவருக்கு ஓர் இரவு முழுவதும் கூட்டத்தை உட்கார வைக்கும் வித்தை தெரியவரும். ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும் முதல் சில வீடுகள் உள்ளூர்க் கூத்து, பொம்மலாட்டக் குழுக்களுக்குத்தான் போக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். மேட்டூரில் ஆலைகளைச் சுற்றிய நிலத்தடி நீரைப் பற்றி நீண்டகாலப் புகார்கள் உண்டு. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்தால் சிவப்புச் சேறு மிஞ்சும், கரி எரித்தால் சாம்பல் மிஞ்சும். கைவிடப்பட்ட ஆலைக் கூடத்தின் பிரம்மாண்டத்தில் மயங்கி அங்கே பட்டறை வைக்கலாம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். மண்ணையும் நீரையும் பரிசோதித்து, அந்த அறிக்கையைத் தமிழில் எல்லோரும் படிக்க வெளியிடாமல் அப்படி ஒரு கூடத்தைத் திறப்பது தகாது. அவற்றை விட்டுவிட்டு வெளியே உள்ள குடியிருப்பு வரிசைகளிலிருந்து தொடங்குவதே நல்லது.

மற்றது விலை. ஏற்காட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வார இறுதி வீடுகளும் விடுதிகளும் பெருகப் பெருக, அங்கே பிறந்தவர்களுக்கே மனை வாங்குவது எட்டாக்கனியாகிவிட்டது. கலைஞர்கள் வந்து ஓர் இடத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பார்கள். பெயர் வந்ததும் தரகர் வருவார், தரகர் வந்த பிறகு கலைஞர் வாடகை கட்ட முடியாமல் வெளியேறுவார். இதற்கு எனக்குத் தெரிந்த தடை ஒன்றுதான். வீடு கலைஞரின் பெயரிலோ கலைஞர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலோ இருக்க வேண்டும், விற்பதானால் முதலில் சங்கத்துக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களை நூறு குறைகளோடாவது நடத்திப் பழகிய மாவட்டம் இது. கூட்டுறவு என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பிணைக்கு என்ன செய்வது என்று என் பழைய சக ஊழியர்கள் கேட்பார்கள். பக்கத்துத் தருமபுரியில் 1989இல் மகளிர் குழுக்களை அமைத்து, சொத்தில்லாத பெண்களுக்கு ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் முறையில் கடன் கொடுக்கத் தொடங்கியபோதும் இதே கேள்வி கேட்கப்பட்டது. அந்த முறை பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. கூத்துக் குழு அதைக் காட்டிலும் பழைய கூட்டுப்பொறுப்பு அமைப்பு. தலைவர் உண்டு, ஆட்டத்துக்கு அச்சாரம் வாங்கும் வழக்கம் உண்டு, விடிந்ததும் பங்கு பிரிக்கும் ஒழுங்கு உண்டு. ஒருவன் ஆட்டத்துக்கு வராவிட்டால் அவன் வேடத்தை இன்னொருவன் கட்டி ஆடிக் காப்பாற்றுகிற கட்டுப்பாடும் உண்டு. வெளியூரிலிருந்து வரும் ஓவியரும் சிற்பியும் ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு குழுவாக விண்ணப்பித்தால், அதே படிவத்தில் அவர்களையும் சேர்க்கலாம். தெரு முழுவதற்கும் ஒரே மதிப்பீடு, வாங்குவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் ஒரே கடன், முதல் ஓராண்டு வட்டி மட்டும் என்று ஒரு திட்டத்தை ஒரு கூட்டுறவு வங்கி தயாரிப்பது முடியாத காரியமல்ல.

வருமானத்துக்கு நகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் செய்யக்கூடியது மிகச் சாதாரணமானது. ஆண்டுதோறும் பள்ளிகள், அலுவலகங்கள், பேருந்து நிலையங்கள், பூங்காக்கள் என்று கட்டடம் எழுந்துகொண்டேதான் இருக்கிறது. அவற்றுக்கு வேண்டிய கதவு, கிராதி, இருக்கை, பெயர்ப்பலகை, சிற்பம் ஆகியவற்றில் ஒரு பங்கை இந்தத் தெருவிலிருந்து வாங்குவது, அரசுப் பள்ளிகளில் கூத்தும் ஓவியமும் கற்பிக்க இவர்களை மாதச் சம்பளத்தில் பகுதிநேரமாக அமர்த்துவது என்று தொடங்கலாம். விழாவுக்கு ஒதுக்குகிற பணத்தை இதற்குத் திருப்பினால் புதிதாக நிதி தேட வேண்டிய தேவைகூட வராது.

இவை அனைத்துக்கும் முன்னால் ஒரு கையெழுத்து வேண்டும். காலியாக உள்ள குடியிருப்புகள் எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கின்றனவோ அந்தத் துறை, ஒரே ஒரு வரிசை வீடுகளையாவது விற்க வேண்டும். விற்க விதி இடம் கொடுக்காவிட்டால் முப்பது ஆண்டுக் குத்தகையாவது பதிவு செய்து கொடுக்க வேண்டும். பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு எந்த வங்கியும் கூரை மாற்றக் கடன் தராது, எந்தக் கலைஞரும் அந்தக் கொல்லையில் சூளை கட்ட மாட்டார்.